ஹனீபா நானாவின் கமரா

யூலை 12, 2003. சனி

காலையிலேயே முதுகைச் சுடுகிற வெயில். சோளகக் காற்று தொடங்கிவிட்டதால் எங்கள் பக்கத்துக் கடல் அடங்கிக் கிடக்கிறது. இவர் விடியவே கடலுக்குப் போய்விட்டார். இன்றைக்கு: மண்ணெண்ணெய், மகள் டிலானியின் பள்ளிச் சப்பாத்து தைக்கக் கொடுப்பது, வவுனியாவுக்கு அனுப்பிய பிலிம் கழுவி வந்துவிட்டதா என்று பஸ்காரரிடம் கேட்பது. மூன்றில் ஒன்றுகூடச் செய்யவில்லை.

பத்து மணிபோல் வாசலில் ஒரு வெள்ளை வான். கொழும்பிலிருந்து பழைய சாமான் வாங்க வருகிற ஆள். சண்டை நின்று பாதை திறந்த பிறகு இப்படிப் பலர் வருகிறார்கள். மணிக்கூடு, வால்வு ரேடியோ, பித்தளை விளக்கு. என்னிடம் கமரா இருக்கிறது என்று முள்ளிவாய்க்கால் முழுவதற்கும் தெரியும், யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். எடுத்துக் காட்டினேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்தே ஆசை தெரிந்தது. அவர் சொன்ன விலை நான் நினைத்ததைவிடக் கூட. அடுத்த சனி திரும்பவும் வருவாராம்.

மத்தியானம் இவர் வந்ததும் சொன்னேன். கையில் மீன் செதில், கழுவக்கூட இல்லை.

"குடுத்திட்டியோ?"

"இல்லை."

"ஏன்?"

"அது எங்கட இல்லையே."

"பதின்மூண்டு வருசமா எங்களோட கிடக்குது, எங்கட இல்லையாம். வள்ளத்து எஞ்சின் இருமுற இருமல் உனக்குக் கேக்கேல்லையோ? இந்தச் சீசன் முடிய முன்னம் அது நிண்டிடும்."

எஞ்சின் விஷயம் உண்மை. கமரா எங்களுடையது இல்லை என்பதும் உண்மை.

ஹனீபா நானாவின் கமரா. முல்லைத்தீவு ரவுணில் அவருடைய புடைவைக் கடையில் கல்யாணத்துக்கு முன் நான் வேலைக்கு நின்றேன். தொண்ணூறில் முஸ்லிம் சனம் எல்லாம் ஊரைவிட்டுப் போக வேண்டி வந்த அன்று எங்கள் வளவுக்குச் சைக்கிளில் வந்தார். துவாயில் சுற்றிய கமரா. "வழியில பறிச்சுப்போடுவாங்கள் பிள்ளை. நீ வைச்சிரு. வந்து எடுக்கிறன்." சைக்கிளை விட்டு இறங்கவும் இல்லை.

பிறகு நாங்களும் ஓடினோம். போன இடமெல்லாம் அரிசி வாளிக்குள் கமராவும் வந்தது. புதுக்குடியிருப்பில் இருந்தபோது ஒருநாள், வன்னியை விட்டு வெளியே போகிற பாஸுக்குப் படம் வேண்டும், எடுக்க ஆள் இல்லை என்று ஒரு பெண் றோட்டில் அழுதுகொண்டு நின்றார். அன்றைக்குத்தான் துவாயை அவிழ்த்தேன். பிலிம் போடுவது எப்படி என்று கடையில் நானா செய்வதைப் பார்த்திருக்கிறேன். பற்றரி இல்லாமல் வேலை செய்கிற கமரா. வன்னிக்குள் பற்றரி வரவிடாத காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம். அப்படியே படம் எடுக்கிறவள் ஆகிவிட்டேன். மீன்பிடித் தடையால் வள்ளம் கரையில் கிடந்த வருசங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

யூலை 13, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கத்தில் மனம் நிற்கவில்லை. விற்பதா வைப்பதா என்றுதான் ஓடியது.

விற்கலாம். புதுக்குடியிருப்பில் கொம்பியூட்டர் வைத்து ஒரு ஸ்ரூடியோ திறந்துவிட்டார்கள். நின்ற நிலையில் கலர்ப் படம், முகத்தில் பரு இருந்தால் அதையும் எடுத்துவிடுவார்களாம். என்னிடம் வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். என் படத்தில் பரு இருந்தால் பரு இருக்கும். இன்னும் ஒரு வருசத்தில் பிலிமே கிடைக்காது என்றும் கதை.

விற்கக் கூடாது. ஏனென்றால் விற்க எனக்கு உரிமை இல்லை.

உண்மையான காரணம் இன்னொன்று. அது இல்லாவிட்டால் நான் யார் என்று தெரியவில்லை. இதை இவரிடம் சொல்ல மாட்டேன்.

கோயில் வாசலில் இரண்டு பெண்களின் கதை காதில் விழுந்தது. "தண்ணீரூற்றில முஸ்லிம் சனம் வந்து வளவுகள் துப்பரவாக்குதுகளாம்." "ஓமாம். பள்ளிக்கூடத்தில தங்கி நிக்கினமாம்."

நானாவின் வீடு அங்கேதான். நாளைக்கே போகிறேன். ஹனீபா நானாவைக் கேட்டால் முடிந்தது.

யூலை 14, திங்கள்

முதல் பஸ். பாலம் பழுதென்று வட்டுவாகலில் இறக்கி நடக்க விட்டார்கள், பிறகு ஏற்றினார்கள். கமராவைக் கொண்டு போகவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை.

தண்ணீரூற்றில் கூரை இல்லாத சுவர்கள். ஒரு வீட்டின் குசினிக்குள் வேப்பமரம் வளர்ந்து ஜன்னலால் வெளியே வந்து நிற்கிறது. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் மண்வெட்டியோடு நின்ற ஒருவரிடம் கேட்டேன்.

"புடைவைக் கடை ஹனீபாவா? அவர் புத்தளத்தில மௌத்தாகி மூண்டு வருசம் தங்கச்சி. மனிசி வந்து நிக்கிறா. அந்தா, அந்தப் பலாமரத்து வளவு."

கொஞ்ச நேரம் றோட்டிலேயே நின்றேன். இத்தனை வருசமும் அவர் வருவார் என்று தூசி தட்டியிருக்கிறேன். மூன்று வருசமாக வர ஆளே இல்லை.

சுபைதா ராத்தா கத்தியால் பற்றை வெட்டிக்கொண்டு நின்றார். மெலிந்துவிட்டார். குரல் அப்படியே. முதலில் என்னைத் தெரியவில்லை. "கடையில நிண்ட ஜெசிந்தா" என்றதும் கத்தியைப் போட்டுவிட்டு வந்து இரண்டு கையையும் பிடித்தார். அவரும் அழுதார், நானும் அழுதேன். பிறகு கமராவைப் பற்றிச் சொன்னேன்.

"கமராவா? அதை உன்னட்டயா குடுத்தவர்? அவர் அதை வித்துப்போட்டார் எண்டெல்லோ நான் நினைச்சன்."

"திரும்பி வந்து எடுக்கிறன் எண்டவர் ராத்தா. ஒருக்காலும் கேக்கேல்லையோ?"

"கடைசி வரைக்கும் கடையைப் பற்றியும் இந்தப் பலாமரத்தைப் பற்றியும்தான் கதைச்சவர். கமராவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை."

வான்காரர் வந்ததைச் சொன்னேன். விலையைக் கேட்டார். சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"அப்ப வித்திடு பிள்ளை. எனக்குக் கிணறுதான் வேணும்."

கூட்டிப்போய்க் காட்டினார். கட்டு உடைந்து, உள்ளே கூரை ஓடும் ஓலையும் சேறும். கீழே கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். அது சரியானால்தான் பிள்ளைகளைப் புத்தளத்திலிருந்து கூட்டி வரலாம். இப்போது குளிக்கவும் சமைக்கவும் பள்ளிக்கூடத்திலிருந்துதான் தூக்குகிறார்.

"ஓம் ராத்தா" என்றேன். வேறு என்ன சொல்வது. அவருடைய கமரா.

"நீயே வைச்சுக்கொள் பிள்ளை" என்று சொல்லுவார் என்றுதான் போனேன். அதை இங்கே மட்டும் எழுதுகிறேன். கேட்கப் போனவள் இல்லை நான். வாங்கப் போனவள்.

யூலை 15, செவ்வாய்

இவருக்குச் சந்தோசம். "நல்லதாப் போச்சு, காசு அவைக்கு. எங்களுக்கும் ஏதும் தருவா." குழம்பு அடிப்பிடித்தது. டிலானி மூக்கைச் சுளித்தாள், ஆனாலும் சாப்பிட்டாள்.

பத்தரைபோல் ஒரு தாய், கையில் குழந்தை. தகப்பன் வெளிநாட்டில், இன்னும் பிள்ளையைப் பார்க்கவில்லையாம், அனுப்பப் படம் வேண்டும். "நான் இப்ப எடுக்கிறேல்ல" என்றேன். அவர் திரும்பி நடந்தார். படலை வரைக்கும் போகவிட்டுவிட்டுப் பின்னால் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன்.

குழந்தை கமராவைப் பார்க்க மாட்டேன் என்கிறது. கோழியைப் பார்த்துச் சிரிக்கிறது. கோழியை என் காலடிக்கு விரட்டத் தாயிடம் சொன்னேன். சிரித்தது. பட்டனை அமத்தினேன். அடுத்த படத்துக்குப் பிலிமை இழுக்கும்போது பெருவிரல் தானாகவே போய் அந்தச் சின்னப் பிடியில் நின்றது.

முடிவெடுத்துவிட்டேன். விற்கப் போவதில்லை. வான்காரர் சொன்ன விலையைக் கொடுத்து நானே வாங்கவும் முடியாது. ஆனால் ராத்தாவுக்கு வேண்டியது காசு இல்லை, கிணறு. இவரும் இவருடைய தம்பி அன்ரனும் ஓடிப்போன இடமெல்லாம் கிணறு இறைத்தவர்கள்.

பின்னேரம் இவரிடம் கேட்டேன்.

"சோளகத்தில, கடல் இப்பிடிக் கிடக்கேக்க, நான் போய் ஆரின்ரையோ கிணத்தில சேறு அள்ளவோ?"

"மூண்டு நாள்தானே."

"உனக்கு விசர்."

வள்ளம் கரையில் கிடந்த வருசங்களைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் வருவார், ஆனால் தலையைக் குனிந்துகொண்டு வருவார். அது எனக்கு வேண்டாம். "எனக்கு அது வேணும்" என்று மட்டும் சொன்னேன். கல்யாணம் கட்டியதிலிருந்து அவரிடம் இப்படி ஒன்றைக் கேட்டதாக ஞாபகம் இல்லை.

எழும்பி வலை பொத்தப் போய்விட்டார்.

யூலை 16, புதன்

காலையில் பிளேன்ரீ குடிக்கும்போது, என்னைப் பார்க்காமல்: "எத்தினை முழக் கிணறு?"

"தெரியாது. இண்டைக்குக் கேட்டுக்கொண்டு வாறன்."

"கட்டு உடைஞ்சு கிடக்கோ?"

"ஓம்."

"ம்."

திரும்பவும் பஸ். ராத்தாவிடம் சொன்னேன். கிணற்றை நாங்கள் இறைத்துத் தருகிறோம், கமரா எனக்கு. ராத்தா வியாபாரியின் மனைவி.

"வான்காரன் தாற காசில ஆள் பிடிச்சு இறைச்சாலும் எனக்கு மிச்சம் வரும் பிள்ளை."

"ஆள் வர மாட்டினம் ராத்தா. இவ்வளவு காலம் ஆமி நிண்டு சண்டை நடந்த இடம். கிணத்துக்குள்ள என்ன கிடக்கெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. காசுக்கு ஆர் இறங்குவினம்?"

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. இறக்கப் போவது யாரை?

ராத்தாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம்.

"இஞ்ச பார். முதல்ல மிதிவெடி எடுக்கிற ஆக்களைக் கூட்டிக்கொண்டு வா. அவங்க பார்க்காமல் உன்ட மனிசன் கால் வைக்கக் கூடாது. ஒரு கமராவுக்காக மனிசனைச் சாகக் குடுக்காத."

"அவையள் பார்த்துச் சரியெண்டா?"

"சரியெண்டா, கிணறு எனக்கு, கமரா உனக்கு."

முள்ளியவளையில் அவர்களுடைய முகாம். அங்கே நடந்து போனேன். பொறுப்பானவர் இல்லை, நாளைக்கு வரச் சொன்னார்கள். போகாமல் வாங்குப் பலகையில் இருந்தேன். ஒரு பெடியன் தண்ணீர் தந்தான். பொறுப்பானவர் வந்தார். வளவு முந்தியே பார்த்து முடித்ததாம், கிணறு தங்கள் வேலை இல்லையாம். "அப்ப ஆரின்ர வேலை?" என்று கேட்டேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நாளைக்கு வருகிறோம் என்றார்கள்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு?"

அவர் சிரித்துவிட்டார். ஏழு மணிக்கு.

யூலை 17, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

இவரும் அன்ரனும் என்னோடு வந்தார்கள். மிதிவெடிக்காரரும் சொன்னபடி வந்தார்கள். கயிற்றில் எதையோ இறக்கித் துழாவினார்கள். மேலே ஒன்றும் இல்லை. சேற்றுக்குள் என்ன என்று சொல்ல முடியாது. இரும்பு ஏதும் தட்டுப்பட்டால் கையை எடுத்துவிட்டு உடனே மேலே ஏற வேண்டும், தங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும். இதை இவரிடம் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள்.

இரவல் வாட்டர் பம்ப் வைத்துத் தண்ணீரை இறைத்தோம். நாற்றம். பிறகு இவர் உள்ளே, அன்ரன் கப்பியில். நானும் ராத்தாவும் சேற்று வாளியை வாங்கிக் கொட்டினோம். ஓடு, சட்டி, ஒரு சைக்கிள் றிம், ஆட்டு எலும்பு. ராத்தா சட்டியைக் கழுவிப் பார்த்தார். "இது என்ட சட்டி" என்றார். ஓட்டை விழுந்திருந்தது. ஆனாலும் எறியாமல் மதிலில் வைத்தார்.

மத்தியானம் பாணும் சம்பலும். பிறகு திரும்பவும் இறங்கினார்.

கொஞ்ச நேரத்தில் கீழே சத்தம் நின்றது. மண்வெட்டிச் சத்தமும் இல்லை, முக்கல் முனகலும் இல்லை. அன்ரன் எட்டிப் பார்த்தான்.

"அண்ணை?"

"கயிறை விடு. மெல்ல. வாளி வேண்டாம். நான் வாறன்."

அந்தக் குரல் இவருடையது மாதிரியே இல்லை. அன்ரனும் நானும் இழுத்தோம். ராத்தா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஓதினார். மேலே வந்த முகம் சேற்றுக்குள்ளும் வெள்ளையாகத் தெரிந்தது.

"ஷெல். வெடிக்காதது. காலுக்குப் பக்கத்தில கிடக்கு. மண்வெட்டி அதில பட்டது."

எல்லோரும் றோட்டுக்குப் போனோம். அன்ரன் சைக்கிளில் முகாமுக்குப் பறந்தான். இவர் பீடி பற்றவைக்கப் பார்த்தார். நெருப்புக்குச்சி அணைந்துகொண்டே இருந்தது. நான் வாங்கிப் பற்றவைத்துக் கொடுத்தேன்.

"போதும். எனக்கு வேண்டாம். கமராவை அந்த ஆளுக்கே குடுப்பம்" என்றேன். உண்மையாகவே சொன்னேன்.

இவர் பீடியை முடித்தார்.

"பாதிக் கிணறை விட்டிட்டுப் போய் நான் நித்திரை கொள்ளுறதோ? அவையள் எடுத்தால் நாளைக்கு முடிக்கலாம்."

"எஞ்சின்?"

"எஞ்சினுக்கு வேற வழி பாப்பம். நீ கேட்டனி. நான் ஓமெண்டு வந்தனான். இனி அதைக் கதைக்காத."

அவர் ஓம் என்று சொல்லவே இல்லை. முழக்கணக்குத்தான் கேட்டார். அதுதான் ஓம் போல.

பின்னேரம் அவர்கள் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். வேறு ஒன்றும் இல்லை என்று அடிவரை பார்த்தார்கள். கடைசிப் பஸ்ஸைப் பிடித்தோம். பாலத்தில் இறங்கி நடக்கும்போது இவருடைய சேர்ட் நுனியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

யூலை 18, வெள்ளி

வேலை முடிந்தது. தொழுகைக்குப் பிறகு நான்கைந்து ஆண்கள் தாங்களாக வந்து கயிறு பிடித்தார்கள். நேற்று எட்டியும் பார்க்காதவர்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. கிணற்றுக் கட்டை அவர்களே திருத்துவார்களாம்.

ஊற்று திறந்து தண்ணீர் வரத் தொடங்கியபோது முதலில் கலங்கல். பிறகு தெளிந்தது. ராத்தா கையில் ஏந்தி வாயில் வைத்தார். நாங்கள் எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உப்பில்லை" என்றார்.

இவரைப் பார்த்து: "தம்பி, அந்தக் கமரா இனி உங்கட வீட்டுச் சாமான். என்ட பிள்ளைகள் வந்து கேட்டாலும் குடுக்க வேண்டாம்."

இவர் தலையைச் சொறிந்துகொண்டு, "அதை அவவுக்குச் சொல்லுங்கோ ராத்தா. எனக்கும் அதுக்கும் ஒரு தொடுசலும் இல்லை" என்றார்.

உடம்பெல்லாம் நோவு. உள்ளங்கை இரண்டிலும் கயிற்றுக் காயம். பேனை பிடிக்கவே கஷ்டம்.

யூலை 19, சனி

வான்காரர் வந்தார். "விக்கேல்லை" என்றேன். விலையைக் கூட்டினார். இல்லை என்றேன். லென்சில் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் இரண்டு வருசத்தில் ஒன்றுக்கும் உதவாது என்றார். இருக்கலாம். வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். கொழும்பில் ஒரு ஹோட்டலில் கண்ணாடி அலுமாரிக்குள் வைப்பார்களாம்.

இன்னும் கொஞ்சம் கூட்டினார். அந்தக் காசுக்கு எஞ்சின் திருத்தி வலையும் வாங்கலாம். பின்னால் கதவடியில் நின்ற இவர்தான் சொன்னார்:

"அவ சொல்லிட்டாதானே ஐயா. நீங்கள் வெயிலுக்கு முன்னம் வெளிக்கிடுங்கோ."

வான் போய்விட்டது. எஞ்சினைக் கழற்றிச் சாக்கில் போட்டுக்கொண்டு இவர் முல்லைத்தீவுக்குப் போனார், தெரிந்த மெக்கானிக்கிடம். காசு பிறகு. மீனாகவும் கொடுக்கலாமாம்.

யூலை 21, திங்கள்

நேற்று எழுதவில்லை. நாள் முழுக்கப் படுக்கை.

இன்று ஒன்பது மணிபோல் வாசலில் சுபைதா ராத்தாவும் இன்னும் மூன்று பெண்களும். மீள்குடியேற்றப் பதிவுக்குப் படம் வேண்டும். ஸ்ரூடியோவில் எடுக்கிறவர் ஆம்பிளை, அங்கே இருக்க இவர்களுக்கு விருப்பம் இல்லை. "ஒரு பொம்பிளை எடுக்கிறா எண்டு சொன்னன், உடன வெளிக்கிட்டுட்டாளுகள்" என்றார் ராத்தா. இன்னும் பல குடும்பம் வர இருக்கிறதாம். இது எனக்குத் தோன்றவே இல்லை.

சேலையை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினேன், கதிரையைப் போட்டேன். இவரைக் கடற்கரைக்கு அனுப்பினேன். மூன்று பேரையும் எடுத்து முடித்தேன். ராத்தா எழும்பி வரவில்லை.

"நீங்களும் இருங்கோ ராத்தா. பதிவு உங்களுக்கும்தானே."

வந்து இருந்தார். முக்காட்டைச் சரிசெய்தார். திரும்பவும் சரிசெய்தார். நான் கமராவில் கண்ணை வைத்ததும் தலையைக் குனிந்துகொண்டார்.

"என்ன ராத்தா?"

"இல்லை. அவர் இதால ஊரையெல்லாம் எடுத்தவர். கடையை எடுத்தவர், கடலை எடுத்தவர், வந்த சனத்தையெல்லாம் எடுத்தவர். என்னை ஒருக்காலும் எடுக்கேல்ல. கேக்க எனக்கும் வெக்கம்."

கமராவைத் திரும்பவும் தூக்கினேன்.

"எங்க பார்க்கிறது?" என்று கேட்டார் ராத்தா.

"என்னைப் பாருங்கோ."

பார்த்தார். அமத்தினேன்.

"கண்ணை மூடிட்டன் போல. இன்னொண்டு எடு பிள்ளை."

மூடவில்லை. எனக்குத் தெரியும். ஆனாலும் எடுத்தேன்.